முத்திரை வைத்த கட்டு

ரிசல்ட் ஒட்டின அன்றைக்கு எலிசாள் மூன்று தடவை அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். இடவ மாசம், இடவப்பாதி மழை பிடித்து நான்காம் நாள். சர்வகலாசாலை ஆபீஸ் வராந்தாவில் ஈரக் குடைகளும் ஈர வேட்டிகளுமாக நெருக்கம். பி.ஏ. கணக்கில் பாஸானவர்களுடைய நம்பர் ஒரே தாளில் அடங்கிவிட்டது. 212, 213, அப்புறம் 216. அவளுடையது 214. மூன்றாம் தடவை அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மலையாளத்தில், "இருநூற்றிப் பதினாலு உண்டோண்ணு ஒண்ணு நோக்காமோ" என்று கேட்டாள். தன் கண்ணை அவளால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், எலிசாளின் குடையை விரித்து அவள் கையில் கொடுத்தாள்.

வீடு பாளையத்துக்குக் கிழக்கே குன்றுச் சரிவில் இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வாசல்படி வரை வரும். அப்பா சத்தியதாசுக்குப் பழவங்காடியில் ஒரு அச்சாபீசில் பைண்டர் வேலை. அம்மை ஞானபாய் மிஷன் பெண்கள் விடுதியில் சமையல். பாறசாலைக்குத் தெற்கேயிருந்து பத்தொன்பது வருஷம் முன்னால் கைக்குழந்தையோடு வந்தவர்கள். அந்தக் கைக்குழந்தை கணக்குப் படிக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஞானபாய் விடுதியிலிருந்து சீக்கிரமே வந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீனைக் குடம்புளி போட்டு வைத்திருந்தாள். மகள் வந்து நனைந்த பாவாடையோடு அடுப்படியில் உட்கார்ந்ததும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எத்தனை பேருக்கு இல்ல பிள்ளே?"

"எனக்கு இல்ல அம்மெ. மத்தவங்களெ நான் பாக்கல்ல."

"செரி. முதல்ல துணிய மாத்து. பிறகு தின்னு."

"நான் எல்லாம் எழுதினேன். ஒண்ணும் விடல்ல."

"நீ எழுதினே. நாலு பெரிய ஆளுவ இருந்து திருத்தியிருக்கினும். அவங்களுக்குத் தெரியாதா?"

எலிசாள் துணி மாற்ற எழுந்து போனாள். சாயங்காலம் தம்பானூரிலிருந்து மதராஸ் வண்டி புறப்படுகிற கூவல் அந்தக் குன்றுக்குக் கேட்கும். ஒரு வருஷமாக அந்தக் கூவல் வரும்போது அவள் கையில் என்ன வேலை இருந்தாலும் ஒரு நொடி நிற்கும். போன வருஷம் மதராசிலிருந்து ஒரு பெண்கள் கல்லூரியின் கணக்குப் பேராசிரியை, ஒரு வெள்ளைக்கார அம்மா, இங்கே பிரசங்கம் செய்ய வந்திருந்தாள். பிரசங்கம் முடிந்தபின் எலிசாள் கேட்ட ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் நின்று பதில் சொன்னாள். பிறகு கடிதம் எழுதினாள். முதல் வகுப்பில் தேறினால் எம்.ஏ.வுக்கு இடமும் ஸ்காலர்ஷிப்பும் உண்டு, ஆடி மாசமான கர்க்கடகம் பிறப்பதற்குள் வந்து சேர வேண்டும். அந்தக் கடிதம் வேதப்புத்தகத்துக்குள் சங்கீதங்களுக்கு நடுவே இருந்தது. அன்றைக்கு வண்டி கூவினபோது அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மழைச் சாரல் அடிக்கிறது என்று சொன்னாள்.

மார்க் சீட்டு ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. மற்ற பேப்பர் எல்லாம் எழுபதுக்கு மேல். மூன்றாம் பேப்பரில் மட்டும் இருபத்தொன்பது. பாஸாக முப்பத்தைந்து வேண்டும்.

சத்தியதாஸ் அந்தச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். அவருக்கு நாலாம் கிளாஸ் படிப்பு. ஆனால் முப்பது வருஷம் அச்சுத் தாள்களை ஃபாரம் ஃபாரமாக மடித்த கண். ஒரு புத்தகத்தில் ஒரு ஃபாரம் குறைந்தால் கையில் எடுத்த உடனே அவருக்குத் தெரியும், கனம் சொல்லிவிடும்.

"இதில என்னமோ கொறயுது" என்றார்.

"மெயின் புக்கில நாலு கணக்கு அப்பா. பாக்கி மூணும் அடிஷனல் ஷீட்டில எழுதினேன். அதுதான் பெரிய கணக்கு. மூணு ஷீட் வாங்கினேன். நம்பரு போட்டு, நூல்கோத்துக் கெட்டிக் குடுத்தேன்."

"கெட்டு அவுந்து போச்சோ?"

"தெரியல்ல. ஆனா நாலு கணக்குக்கு இருபத்தொம்பதுண்ணா அது செரிதான். அந்த மூணு கணக்கெ ஆரும் பாக்கல்ல. அதான் நடந்திருக்கு."

மகள் இவ்வளவு நிதானமாகச் சொல்வதைக் கேட்டதும் சத்தியதாஸ் சீட்டை நாலாக மடித்தார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

"உனக்க சாம்பசிவன் சாரெப் போய்க் காண்போம்" என்றார்.

*

சாம்பசிவன் அவளுக்குக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கிழக்கேகோட்டைக்குள்ளே அக்ரகாரத் தெருவில் வீடு. அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கோவில் காரியத்துக்கு வந்த குடும்பம். சர்வகலாசாலையில் அவர் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. காரணம் கணக்கு இல்லை, ஒரு விதி.

சமஸ்தானத்துக்கென்று சர்வகலாசாலை வந்த புதிதில் ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் மருமகன் பரீட்சையில் தோற்றான். அரண்மனைப் பக்கமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. திருத்தின பேப்பர்க் கட்டைப் பிரித்தார்கள், அவன் ஜெயித்தான். சாம்பசிவன் அதைப் பொறுக்காமல் ஒன்றரை வருஷம் எழுதினார், பேசினார், செனட்டில் ஒவ்வொரு மெம்பர் வீட்டுப் படியும் ஏறினார். கடைசியில் விதி வந்தது. பேப்பரைத் திருத்தி முத்திரை வைத்தபின் அந்தக் கட்டை யாரும் பிரிக்கக்கூடாது. சர்க்கார் கேட்டாலும் கூடாது, திவான் கச்சேரி என்கிற தலைமை ஆபீஸ் கேட்டாலும் கூடாது. திருத்தினவர் பெயர் வெளியே போகாது. பரீட்சை முழுக்க வாத்தியார்களின் போர்டு கையில். சர்க்காருக்கு அது தொண்டையில் முள். பதில் சொல்ல ஆள் இல்லாத அதிகாரம் எங்கே உண்டு என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பரீட்சையைத் திரும்பவும் கச்சேரியில் ஒரு ஆபீசர் கையில் ஒப்படைக்க ஒரு தீர்மானம் தயாராகி, மிதுன மாசம் எட்டாம் தேதி செனட்டுக்கு வர இருந்தது.

சத்தியதாஸ் கோட்டை வாசலில் ஒரு கணம் நின்றார். அவருடைய அப்பன் இந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. எலிசாள் முன்னால் போய்விட்டாள்.

சாம்பசிவன் அவர்களை ரேழியில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். சத்தியதாஸ் உட்காரவில்லை. சாம்பசிவனின் மனைவி சூடாமணி ஒரு பித்தளை டம்ளரில் எலிசாளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தாள். எலிசாள் குடித்துவிட்டு, கேட்காமலே முற்றத்தில் இறங்கி டம்ளரை மழைத் தண்ணீரில் அலம்பிக் கவிழ்த்தாள்.

"சொல்லும்மா. என்ன ஆச்சு?" என்றார் சாம்பசிவன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எலிசாள் சொன்னாள். மார்க், மூன்று ஷீட், நூல்முடிச்சு, எல்லாம். "என் நம்பர் இருநூற்றிப் பதினாலு சார்" என்று முடித்தாள்.

உள்ளே கதவோரத்தில் நின்ற சூடாமணி தலையை நிமிர்த்தினாள்.

"கட்டைப் பிரிக்க முடியாதே அம்மா" என்றார் அவர். "விதி அப்படி. நீ படிச்சிருப்பே."

"படிச்சேன் சார். நீங்க கிளாசில சொன்னீங்க, ஏன் அந்த விதி வந்ததுண்ணு. எனக்கு அது பிடிச்சது. ஆனா சார், உள்ளேயே தப்பு வந்தா ஆருகிட்ட சொல்லணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை ஓட்டில் அறைந்தது. "செப்டம்பர்ல திரும்பவும் நடத்தினா எழுதலாம். இல்லைன்னா மார்ச்சில."

"மதராசில கர்க்கடகத்துக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க சார்."

சத்தியதாஸ் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஐயா, பாஸ் போட்டுத் தரச் சொல்லி நாங்க வரல்ல. அந்த மூணு காயிதத்தெ ஒரு ஆளு ஒருக்கா வாசிக்கணும். அதில தப்பிருந்தா பிள்ளை வீட்டில இருக்கட்டு."

"நான் பார்க்கறேன்" என்றார் சாம்பசிவன். சொன்ன பிறகு, எதைப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லாமல் விட்டது அவருக்கே உறைத்தது.

*

அவர்கள் தெரு திரும்பும் வரை சூடாமணி காத்திருந்தாள்.

"ஏன்னா, அந்தப் பொண்ணுதானே?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். மூன்றாம் பேப்பரைத் திருத்தினவர் சாம்பசிவன். மேடமாசப் புழுக்கத்தில் மாடி மச்சறையில் ஜன்னலைத் திறந்துபோட்டு உட்கார்ந்து திருத்தினார். ஒரு நாள் பகலில் கோடைக்காற்று சுழன்று தாள்களெல்லாம் பறந்தன. பொறுக்கி அடுக்கினார், எண்ணிப் பார்க்கவில்லை. கட்டு போய் முத்திரையும் வைத்தாகிவிட்டது. ரிசல்ட் வந்ததற்கு மறுநாள் கூரை ஒழுகி, மச்சறையில் இருந்த நெல் பத்தாயத்தை நகர்த்தினபோது சூடாமணி சுவருக்கும் பத்தாயத்துக்கும் நடுவிலிருந்து நூல் அவிழ்ந்த மூன்று தாள்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் மேலே 214 என்று இருந்தது. அவரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே மூன்றையும் வாசித்தார். வாசித்து முடித்தபின் சுவரில் சாய்ந்து நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"அவா போயி பத்து நிமிஷம் ஆகலை. கூப்பிட்டுச் சொல்லலாமோல்லியோ?"

"எட்டாம் தேதி செனட் இருக்கு, சூடாமணி. போர்டு ஒரு பேப்பரைத் தொலைச்சதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே எல்லாத்தையும் கச்சேரிக்கு எடுத்துண்டு போயிடுவா. அப்புறம் துண்டுக் கடுதாசி காலம்தான். ஒரு பொண்ணுக்கு வேண்டி ஆயிரம் பேரோட பரீட்சையை..."

"போர்டு தொலைக்கலை. நீங்க தொலைச்சேள்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிப் பேசினதில்லை. சூடாமணிக்கு நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பின்பும் ஒரு வருஷம், கோட்டைக்கு வெளியே பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவள் கொல்லையில் போய் நின்று கேட்பாளாம். ஒரு தடவை சிரித்துக்கொண்டே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச்சு வந்ததில்லை.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "வாசிச்சப்போ உங்க முகம் எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். அப்படி எழுதின பொண்ணு இங்கே உக்காந்துண்டு காப்பி குடிச்சுட்டு டம்ளரை அலம்பி வச்சுட்டுப் போறது. நீங்க பார்க்கறேன்னு சொல்றேள்."

மறுநாள் சீனியர் பேராசிரியர் அழகியநம்பி வந்தார். செனட்டில் போர்டு பக்கம் நின்று பேசுகிறவர்களில் அவர்தான் தலை. சாம்பசிவன் அவரிடம் தாள்களைக் காட்டினார்.

"ஓய், இதை வெளியிலே எடுக்கவே எடுக்காதேயும்" என்றார் அழகியநம்பி. "எட்டாம் தேதி கழியட்டும். ஒரு வருஷம் பொண்ணு பொறுத்துக்கும். மார்ச்சில எழுதினா தானா ஜெயிக்கப்போறா."

"அவளுக்குப் போற வருஷத்துக்கு யார் பதில் சொல்றது?"

"கதவைச் சாத்தணும்னு சொன்னவர் நீர்தானே?"

"நான்தான். வெளியிலேருந்து கை நீளக்கூடாதுன்னு சாத்தினோம். உள்ளே இருக்கிறவன் தப்புப் பண்ணினா அவனை யார் கேக்கறதுன்னு யோசிக்கலை. நாமெல்லாம் நல்லவாள்னு நினைச்சுட்டேன். நல்லவன் கைலேருந்தும் தாள் பறந்துபோகும் போலிருக்கு."

அழகியநம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, "உம்ம மனசாட்சிக்கு நல்லதுதான். போர்டுக்கு நல்லதில்லை. நன்னா யோசிச்சுப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. சாம்பசிவன் ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. சூடாமணி சோற்றைப் போட்டாள், மோரை ஊற்றினாள், எதிரில் நின்றாள்.

ஏழாம் தேதி மத்தியானம் அவர் பழவங்காடி அச்சாபீசுக்கு நடந்தே போனார். பின்கட்டில் பைண்டிங் பகுதி. மழைக்காலத்தில் அங்கே எதுவும் காயாது. மைதாப் பசை நீர்த்துப்போகும், அட்டை விரைக்காமல் தொங்கும். சத்தியதாஸ் தரையில் சம்மணமிட்டு, காலிடுக்கில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெஷின்காரன் தங்கப்பன் கரி அடுப்புச் சூட்டில் அட்டைகளை வாட்டிக்கொண்டிருந்தான். சாம்பசிவனைப் பார்த்ததும் சத்தியதாஸ் எழுந்திருக்கப் போனார்.

"எழுந்திருக்க வேண்டாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவர் கீழே, தாள் கழிவு மேலேயே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

சத்தியதாஸ் ஊசியைக் குத்தி நிறுத்தினார்.

"அண்ணைக்கு நாங்க வந்தப்பம் தெரியுமா ஐயா?"

"தெரியும்."

"பிள்ளைகிட்ட நான் என்ன சொல்லணும்?"

"நாளைக்கு நானே எல்லார் முன்னாலயும் சொல்லப்போறேன். அவளைக் கூட்டிண்டு வாங்கோ. வாசல்ல இருந்தாப் போறும்."

*

எட்டாம் தேதி கொட்டோ கொட்டு என்று மழை. செனட் கூடின மண்டபத்தின் வெளிவராந்தாவில் அப்பாவும் மகளும் நின்றார்கள். ஞானபாய் கட்டிக்கொடுத்த இலைப்பொதி சத்தியதாஸ் கையில் இருந்தது. அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும். இருவரும் பிரிக்கவில்லை. உள்ளே யாரோ ஆங்கிலத்தில் பேசுவதும் மேஜை தட்டுவதும் கேட்டன.

சாம்பசிவன் பத்து நிமிஷம் பேசினார் என்று பிறகு சொன்னார்கள். மூன்று தாளையும் மேஜையில் வைத்தார். திருத்தினவன் நான், தொலைத்தவன் நான், இரண்டு வாரம் மறைத்தவனும் நான் என்றார். பரீட்சை போர்டு கையிலேயே இருக்க வேண்டும், வெளிக்கை நுழையக்கூடாது, ஆனால் மாணவர் எவரும் தன் பேப்பரைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்க வழி வேண்டும், போர்டில் இல்லாத ஒரு வாத்தியார் அதைப் பார்க்க வேண்டும், தப்புச் செய்தவர் பெயர் செனட்டில் வர வேண்டும், முதல் பெயராக என்னுடையது வரட்டும் என்றார். போர்டுக்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள். சர்க்கார் பக்கத்தார் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பும் நின்று, சண்டையாகி, மூன்று மணிக்கு ஒருவிதமாக முடிந்தது. பரீட்சையைக் கச்சேரிக்கு ஒப்படைக்கும் தீர்மானம் எட்டு வோட்டு வித்தியாசத்தில் தோற்றது. சாம்பசிவனின் திருத்தம் நிறைவேறியது. அதோடு, இணைப்புத் தாள் எத்தனை என்று பேப்பரின் முகப்பில் எழுத வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

சாம்பசிவன் வெளியே வந்தார். குடையை மறந்து, முற்றத்து மழையில் நனைந்திருந்தார்.

"என்ன ஆச்சு சார்?" என்றாள் எலிசாள்.

"விதி வந்தது. அடுத்த வருஷத்திலேருந்து."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்போ எனக்கு?"

"கெஸட்டில வந்ததை மாத்தக்கூடாதுன்னுட்டா. இதை மாத்தினா நாளைக்கு எதையும் மாத்தலாம்னு ஆயிடும்னா. நான் அன்னிக்குப் பேசின பேச்சையே எனக்கு வாசிச்சுக் காட்டினா. மூணு வருஷத்துக்கு நான் பேப்பர் திருத்தக்கூடாது. அது சரிதான். உனக்குத்தான்..." அவர் நிறுத்தினார்.

சத்தியதாஸ் இலைப்பொதியைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"ஐயா, எனக்க ஆபீசில ஒரு ஃபாரம் மாறித் தச்சா நான்தான் பிரிக்கணும். பிரிச்சு, பழைய நூல உருவிப் போட்டு, திரும்பத் தைக்கணும். அடுத்த புத்தகம் செரியா வரும், இது இப்படியே போட்டுண்ணு சொன்னா மொதலாளி விடுவாரா?"

"விடமாட்டார்."

"இங்க இத்தனை படிச்ச ஆளுவ இருக்கினும். இந்த ஒரு புத்தகத்தெ திரும்பத் தைக்க ஆருக்கும் கையில்லியா?"

சாம்பசிவன் தலை குனிந்து நின்றார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூணுக்கு அப்பால் அழகியநம்பி ரிக்‌ஷாவில் ஏறினார், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்க ஷீட் எங்கே சார்?" என்று எலிசாள் கேட்டாள்.

"ரிஜிஸ்ட்ரார் கையில. முத்திரை வச்சாச்சு."

"அது செரியா இருந்ததா?"

"மூணும் சரி. ரெண்டாவது கணக்கில, அந்த வால்நட்சத்திரக் கணக்கில, நீ போன வழி எனக்குத் தோணவே இல்லை. நான் புஸ்தகத்தில இருக்கிறபடிதான் போட்டுவச்சிருந்தேன். உன்னுது அதுக்குப் பாதி நீளம்."

எலிசாள் வராந்தா விளிம்புக்குப் போய் மழையைப் பார்த்து நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. ரிசல்ட் வந்ததிலிருந்து அழாதவள் அங்கேதான் அழுதாள். தேறாமல் போனதற்கா, அந்தக் கணக்கு சரி என்று கேட்டதற்கா என்று சத்தியதாசுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கிழங்கு ஆறிப்போச்சு, வாங்க அப்பா" என்றாள்.

*

கர்க்கடகம் பிறக்க நாலு நாள் இருந்தது. மதராசுக்குப் போக வேண்டிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஞானபாய் அன்றைக்கு விடுதி வேலைக்குப் போகாமல், வீட்டிலேயே பயறும் சுக்கும் போட்டுக் கஞ்சி வைத்துக்கொண்டு மகளையே சுற்றிச் சுற்றி வந்தாள். எலிசாள் காலையில் முற்றத்துச் சேற்றை வழித்தாள், மத்தியானம் பழைய நோட்டுகளைப் புகையில் வாட்டினாள். சாயங்காலம் வண்டி கூவினபோது, "வண்டி ஏறியிருப்பேன் இந்நேரம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் கல்லாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. பொன்முடி மலைக்குப் போகிற வழி. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்களின் பிள்ளைகளுக்கு மிஷன் நடத்துகிற பள்ளிக்கூடம். ஆற்றோரத்தில் ஓலைக்கூரை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே அறை. மலையில் மழை பெய்தால் ஆறு இரைந்து பாடம் கேட்காது. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் எப்போதும் மேஜையில் இருக்கும். எலிசாள் பகலில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பள்ளி விட்டபின் பாறைமேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். எட்டு மாதம் அப்படிப் போயிற்று. சாம்பசிவன் மாதம் ஒரு முறை கணக்குகள் எழுதி அனுப்புவார். அவள் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அந்தக் கவர்களில் மேல்விலாசம் எழுதினது சூடாமணி. எழுத்து பெரிது பெரிதாக, ஒவ்வொன்றும் தனியே நிற்கும். முதல் இரண்டு கவரில் கல்லாறு என்பதற்கு ஒரு லகரம் குறைந்தது. பிறகு சரியாகிவிட்டது.

மார்ச்சில் திருவனந்தபுரம் வந்து பரீட்சை எழுதினாள். இடவத்தில் ரிசல்ட். முதல் வகுப்பு. மூன்றாம் பேப்பரில் தொண்ணூற்றொன்று. அந்த வருஷம் புது விதிப்படி ஆறு பேர் தங்கள் பேப்பரைத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள், இரண்டு பேருக்கு மார்க் மாறியது என்று சாம்பசிவன் எழுதியிருந்தார். எலிசாள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். அந்த இரண்டு பேரும் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்றே மதராசுக்கு எழுதினாள். அந்த வெள்ளைக்கார அம்மா யுத்தம் காரணமாகச் சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். பதில் கல்லூரி ஆபீசிலிருந்து பாளையம் வீட்டு விலாசத்துக்கு வந்தது. சத்தியதாஸ் அதை மகளுக்குத் தபாலில் அனுப்ப மனம் வராமல், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தானே பஸ் ஏறினார். நெடுமங்காடு தாண்டினதும் மழை. கல்லாற்றில் இறங்கி, சாயாக்கடை ஓரமாக நடந்து, பள்ளிக்கூட வாசலில் நின்றபோது உள்ளே பிள்ளைகள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எலிசாள் வெளியே வந்து கவரைப் பிரித்தாள். நாலு வரிதான் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"இடம் உண்டாம். ஸ்காலர்ஷிப் இல்லியாம். முதல் தடவையிலே பாஸானவங்களுக்கு மட்டும்தானாம். அது விதியாம்."

சத்தியதாஸ் ஈரத் துண்டைப் பிழிந்தார். திரும்பப் பிழிந்தார். "நீ முதல் தடவையே பாஸ்தானே பிள்ளே."

"காயிதத்தில அப்படி இல்லியே அப்பா."

"அந்த விதிய எழுதினது ஆரு?"

"தெரியல்ல. கீழே ஒரு கையெழுத்து மட்டும் இருக்கு. பேரு வாசிக்க முடியல்ல."

மலைப்பக்கம் மேகம் இறங்கி ஆற்றை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் பதினேழு எட்டில் தடுக்கி நின்றார்கள். அவள் கதவு வழியே தலையை நீட்டி, "நூத்து முப்பத்தாறு" என்றாள். வாய்ப்பாடு மேலே போயிற்று.

"இனி வீட்டுக்கு வா மக்கா" என்றார் சத்தியதாஸ். "இங்க அட்டையும் மழையும். பாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில கேக்கலாம். அம்மைக்கும் நீ பக்கத்தில வேணும்."

"பஸ் எப்பம் அப்பா?"

"நாலு மணிக்கு."

"அப்போ நேரம் இருக்கு. நீங்க உள்ளே இருங்க, நனையாண்டாம்."

அவள் பிள்ளைகளுக்கு ஸ்லேட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். தாளை எடுத்தாள். சத்தியதாஸ் பின்பெஞ்சில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஒரு தடவையும் நிற்காமல் ஓடினது. எழுதி முடித்தபின் அவரிடம் கொண்டுவந்து, அவர் கேட்காமலே தமிழில் சொன்னாள்.

"போன வருஷம் என்ன நடந்ததுண்ணு எழுதியிருக்கேன். சார் செனட்டில சொன்னதையும் எழுதியிருக்கேன். கடைசியில ஒரு கேள்வி. இந்த விதிய மறுபடி பாக்கச் சொல்லி ஆருக்கு விண்ணப்பம் போடணும், அவங்க பேரு என்ன."

"பதில் தருவினுமா?"

"தெரியல்ல. தரல்லெண்ணா அடுத்த மாசம் திரும்ப எழுதுவேன்."

அவர் கவரை வாங்கினார். கனம் பார்க்கிறவர் போல ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு சட்டையைத் தூக்கி, மழை படாமல் வயிற்றோடு சேர்த்து வேட்டிக்கட்டில் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.